இரும்பு உண்ட நீர்: தாயும் மகளும் – காப்பியத்திலும் ஆகமத்திலும் புதுக்கதையிலும்

(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டித் திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் பிறப்புக் கல்யாணத்தைக் கொண்டாடும் நாளில், அவரைப் பெற்ற பிரியகாரிணித் தாயை நாம் நினையாதிருப்பதில்லை. அத்தாய் கண்ட பதினாறு கனவுகளை நம் வீட்டுப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் சொல்வார்கள். யானை, எருது, சிங்கம், திருமகள் எனத் தொடங்கும் அந்தக் கனவுகள் நம் ஆலயச் சுவர்களிலும் ஓவியங்களாக விளங்குகின்றன. தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் அன்னையரையும் நாம் பெயர் சொல்லிப் போற்றுகின்றோம். அவர்கள் அனைவரும் மகனைப் பெற்றதனால் புகழ்பெற்ற தாயர்.

ஆனால், மகளைப் பெற்ற தாயைப் பற்றி நம் நூல்கள் என்ன கூறுகின்றன? தாய்க்கும் மகளுக்கும் இடையே நிகழ்வதைக் காப்பியமும் ஆகமமும் புதுக்கதையும் எவ்வாறு காட்டுகின்றன? விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு இதுவே. இந்தத் தலைப்பை நம் இல்லத்து நடுக்கூடத்திற்குக் கொண்டுவந்து பார்க்க விரும்புகின்றேன். ஒரு மகள் துயரோடு தாயிடம் வரும்போது, அந்தத் தாய் சொல்லும் முதற்சொல் என்ன? என் பேச்சு முழுதும் இந்த ஒரு வினாவையே சுற்றி வரும்.

பெயர் சொல்லப்படாத தாய்

சமணம் சார்ந்தவர் எனப் பல அறிஞர் கருதும் இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தைக்குப் பெயர் உண்டு, அவர் மாநாய்கர். மாமனாருக்கும் பெயர் உண்டு, அவர் மாசாத்துவான். தோழிக்கும், இடைச்சேரி மூதாட்டிக்கும், மாதவியின் பணிப்பெண்ணுக்கும்கூடப் பெயர் உண்டு. கண்ணகியைப் பெற்றவளுக்குப் பெயர் இல்லை. பன்னிரண்டு வயது மகளை மணமுடித்துக் கொடுத்த பின்பு, புகார்க் காண்டத்தில் அத்தாயின் குரலை நாம் கேட்பதே இல்லை.

கோவலன் மாதவியிடம் தங்கிவிட்ட காலத்தில் கண்ணகி தன் துயரை யாரிடம் சொன்னாள்? தான் கண்ட தீக்கனவை அவள் சொன்னது தோழி தேவந்தியிடம். மாமனும் மாமியும் வந்து பார்த்தபோது உள்ளத்து நோயை மறைத்துப் பொய்யாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டே அவர்கள் மேலும் வருந்தினார்கள் என்று, பின்னர்க் கொலைக்களக் காதையில் அவளே கணவனிடம் கூறுகின்றாள். பிறந்த வீடு இருந்ததும் அதே புகார் நகரந்தான். தாயிடம் சென்று அவள் எதையேனும் சொன்னதாகக் காப்பியத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வைகறை இருளில் கணவனோடு மதுரைக்குப் புறப்பட்டபோதும் பெற்றோரிடம் சொல்லவில்லை.

அத்தாய் என்ன ஆனாள் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சொல்லத்தான் அறிகின்றோம். மதுரைச் செய்தி புகாரை எட்டியது. மாநாய்கர் தம் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டு ஆசீவகத் துறவியரிடம் அறங்கொண்டார். அவர் மனைவி சில நாள்களில் உயிர் நீத்தாள். கோவலனின் தாயும் துயர் பொறாது இறந்தாள்.

கதை அங்கும் முடியவில்லை. வரந்தரு காதையில், சேரன் செங்குட்டுவன் முன்னிலையில், மூன்று சிறுமியர்மீது கரக நீர் தெளிக்கப்படுகின்றது. அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களும் சேடக்குடும்பியின் மகளுமாகிய அம்மூவருக்கும் முற்பிறப்பு நினைவுக்கு வருகின்றது. அவர்களுள் ஒருத்தியே முற்பிறப்பில் கண்ணகியின் தாய். காப்பியம் முழுதும் வாய் திறவாத அந்தத் தாய், ஒரு பிறவி கடந்து, வேறொருத்தி வயிற்றில் பிறந்த குழந்தையாய் நின்று அழுகின்றாள். கணவன் உன்னை மதியாது ஒழுகியபோது வருந்திய என்னை நீ பாராது போனாயே என்கிறாள். யாருமற்ற வேற்று நாட்டில் கடுந்துயர் பட்டாயே என்கிறாள். மகளே என்று அழைத்தவள் அத்தோடு நிறுத்தவில்லை. தன் துணையென்றும் தோழியென்றும் விளித்து, என்னிடம் வா என்று அழைக்கின்றாள்.

தாய்மார்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய்க்கு மகளின் துயரம் தெரிந்தே இருந்திருக்கின்றது. அவளும் வருந்தியிருக்கின்றாள். ஒரே ஊரில் தாய் ஒரு வீட்டிலும் மகள் ஒரு வீட்டிலும் ஒரே துயரைச் சுமந்தார்கள். தாய் வருந்துவாளே என்று மகள் பேசவில்லை போலும். குடும்பத்தின் மானம் கருதித் தாயும் பேசவில்லை போலும். மகள் தோழியைத் தேடிக்கொண்டாள். தாயோ தான் மகளுக்குத் தோழியாக இருந்திருக்க வேண்டும் என்பதை மறுபிறவியில்தான் சொல்ல முடிந்தது.

அறத்தொடு நிற்றல்

மகளின் உள்ளத்து உண்மை வீட்டின் செவிக்கு எவ்வழியே சென்று சேர வேண்டும் என்பதற்குத் தமிழ் அகப்பொருள் மரபில் ஒரு முறையே உண்டு. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலித் தாய்க்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். தொல்காப்பியரைச் சமணர் எனக் கொண்ட அறிஞர் வையாபுரிப்பிள்ளையை நம்மவர் நன்கறிவர். அந்தத் தொல்காப்பியமும் இத்துறையை விரித்துரைக்கின்றது.

பெண் தன் மனத்தில் இருப்பதை வெளியிடுவதை நம் முன்னோர் நாணமின்மை என்றோ அடங்காமை என்றோ கூறவில்லை. அறத்தின் பக்கம் நிற்பது என்றே பெயரிட்டார்கள். அந்த வரிசையில் தாயின் இடத்தையும் கவனியுங்கள். மகளின் உண்மையைத் தந்தையின் சினத்திற்கும் தமையனின் வேகத்திற்கும் முன்பே பெற்றுக்கொண்டு, பக்குவமாக எடுத்துச் செல்பவள் தாய். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் உண்மை நின்றுவிடும். கண்ணகியின் உண்மை தேவந்தியோடு நின்றுபோயிற்று.

பெறாத தாயர்

பெற்ற தாய் செய்யாததைப் பெறாத தாயர் இருவர் செய்கின்றனர். அவர்களுள் முதல்வர் நம் கவுந்தியடிகள். மக்களைப் பெறாதவர், உலகப் பற்றை விட்ட சமணத் துறவி. காவிரிக்கரைச் சோலையில் கண்ணகியையும் கோவலனையும் கண்ட அவர், கானும் வழியும் தரும் துன்பத்தை எடுத்துரைக்கின்றார். அவர்கள் திரும்பமாட்டார்கள் என்று அறிந்ததும் தாமும் உடன் நடக்கின்றார். வழியில் வம்பர் இருவர் இவர்கள் யாரென்று இழிவாகக் கேட்டபோது, என் மக்கள் என்று கவுந்தியடிகள் விடை கூறுகின்றார். பெண்ணொருத்தியின்மேல் பழிச்சொல் விழ இருந்த நொடியில், விளக்கம் எதுவும் கேளாமல் உறவு சொல்லி முன்னே நின்றவர் அவர்.

மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தரும்போது அடிகள் அவளை நீராட்டும்படியும், அணி செய்யும்படியும், தாயாய் இருந்து காக்கும்படியும் சொல்லி ஒப்படைக்கின்றார். மாதரி அதை எவ்வளவு கருத்தோடு ஏற்றாள் என்பதற்கு ஒரு சிறு செய்தி போதும். வந்தவர் சாவக நோன்பு உடையவர் என்பதை அவள் எண்ணிப் பார்க்கின்றாள். பகற்பொழுதிலேயே உண்ணும்படி அடிசில் ஆக்கப் புதிய கலங்களும் காய்களும் அரிசியும் தருகின்றாள். தன் மகள் ஐயையையும் துணைக்கு விடுகின்றாள். இரவுண்ணாமையைக் காக்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி, வேற்று ஊரில் வேறு சமயத்தார் வீட்டில் தங்கும்போது, அங்குள்ள அம்மையார் கதிர் மறையுமுன் உணவு பரிமாறினால் நம் நெஞ்சு எவ்வளவு குளிரும்! அப்படிக் குளிர்வித்தவள் அந்த இடையர் குலத்து மூதாட்டி.

சங்கிலியை அறுத்த தாய்

மகளுக்காக ஒரு குலத்தொழிலையே மறுத்த தாய் மாதவி. கோவலன் இறந்த செய்தி கேட்டதும், மணிமேகலைக்குக் கணிகையர் கோலம் வேண்டாம் என்று தன் தாய் சித்திராபதியிடம் சொல்லிவிட்டுத் துறவு மேற்கொள்கின்றாள். பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை இதனை மேலும் விரிக்கின்றது. இந்திர விழாவில் மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் அலர் தூற்றுகின்றது. அந்த அலரைச் சொல்லி அழைத்துவரச் சித்திராபதி வயந்தமாலையை அனுப்புகின்றாள். அக்காதைக்கே ஊரலர் உரைத்த காதை என்பது பெயர். அப்போது மாதவி தரும் மறுமொழி வியப்புக்குரியது. மணிமேகலை மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள். அவள் இத்தொழிலுக்கு வாராள் என்கின்றாள்.

தான் பெற்ற மகளை, தன்னால் துயருற்ற ஒருத்தியின் மகள் என்று ஒரு தாய் சொல்கின்றாள். மகளுக்கு நல்வழி கிடைக்குமானால் தாய் என்ற உரிமையையும் விட்டுக்கொடுக்க அவள் ஒருப்பட்டாள். சமயம் வேறாயினும் இந்த அறத்தை நாம் போற்றத் தடையில்லை. சித்திராபதி ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தாள். மாதவி மகள் என்ன ஆவாள் என்று பார்த்தாள்.

சந்தனையின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. நம் மகாபுராண மரபின்படி அவள் சேடக மன்னனின் கடைசி மகள். பிரியகாரிணித் தாயின் தங்கை. வித்தியாதரன் ஒருவனால் கவரப்பட்டு, காட்டில் விடப்பட்டு, கௌசாம்பி நகரத்து வணிகன் ஒருவன் வீட்டை அடைந்தாள். வணிகன் அவளை மகளாகவே கருதினான். அவன் மனைவியோ ஐயங்கொண்டு அவளை விலங்கிட்டு, மண்சட்டியில் கோத்திரவ அரிசிக் கூழைக் கொடுத்து வதைத்தாள். அதே நகரின் அரசி மிருகாவதி சந்தனையின் உடன்பிறந்த அக்காள்! அரண்மனைக்கும் அவ்வீட்டுக்கும் இடையே சில தெருக்களே இருந்திருக்கும். எனினும் செய்தி போய்ச் சேரவில்லை. பகவான் ஆகாரத்துக்கு எழுந்தருளிய நாளில்தான் விலங்கு அறுந்தது. பின்னர் 36,000 ஆரியாங்கனைகளுக்குத் தலைவியாக விளங்கிய அம்மையார், ஒரு காலத்தில் தாய் ஆக வேண்டியவளின் ஐயத்தால் விலங்கு சுமந்தவர். வீட்டுக்கு வந்த பெண்ணை ஐயுறுமுன் ஒருமுறை கேட்டறிய வேண்டும் என்பது மாமியார்களும் கொள்ள வேண்டிய பாடம்.

தீயும் நீரும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். போளூருக்கு அருகே திருமலையில் குந்தவை ஜினாலயம் இருக்கின்றது. இராஜராஜ சோழனின் தமக்கை குந்தவைப் பிராட்டியின் பெயர் தாங்கிய அந்த ஆலயத்துக்கு வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை விளக்கேற்ற அறக்கொடை அளித்ததை, முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு கூறுகின்றது. குந்தவையின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் தோன்றியவர். கணவர் சுந்தரசோழர் மறைந்தபோது, பால்குடி மறவாத பிள்ளையையும் பிரிந்து அவர் தீப்புகுந்தார் என்பதை இங்கிருந்து நெடுந்தொலைவு இல்லாத திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. ஒரு தாய் தீயில் மறைந்தாள். தாயை இழந்த மகள் ஆலயங்கள் எடுத்தாள். தாதாபுரத்திலும் அவர் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் ஒருசேரக் கோயில் கண்டவர்.

கணவனோடு தீப்புகும் தாயை அக்காலம் புகழ்ந்தது. நம் ஆசாரியரின் நோக்கு வேறு. காஞ்சியோடு தொடர்புடைய சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உலக மூடங்களை எண்ணுகின்றார். புண்ணியம் கருதி ஆற்றிலும் கடலிலும் நீராடுவது, மலையிலிருந்து வீழ்வது, தீயில் பாய்வது ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் அடங்கும். தீயும் உயிரைத் தூய்மை செய்யாது, நீரும் செய்யாது. அருங்கலச்செப்பைப் பயின்ற நம் முதியோர்க்கு இது புதிய செய்தியன்று.

இக்கருத்தை மனத்தில் கொண்டு ஒரு புதுக்கதையைப் பார்ப்போம். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம், அந்நாளில் தமிழகத்தையே கலக்கிய சிறுகதை. மழை நாளில் கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் பெண், காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு வருகின்றாள். நடந்ததைத் தாயிடம் சொல்கின்றாள். கணவனை இழந்த அந்த ஏழைத் தாய் முதலில் பதறித்தான் போகின்றாள். பின்பு தன்னை அடக்கிக்கொண்டு, மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்கின்றாள். இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்கின்றாள். தலைப்பில் இருப்பது தீ. கதையில் இருப்பது நீர். தீக்குளித்துத் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற பழைய வழக்கை ஒரு குடம் நீரால் அணைத்துவிட்டாள் அந்தத் தாய்.

அந்த நீரா அவளைத் தூய்மை செய்தது? நம் ஆகம நோக்கில் கூறுவதானால், அந்த மகளிடம் கழுவ வேண்டிய அழுக்கே இல்லை. வினை ஒட்டுவது அவரவர் உள்ளத்தின் விருப்பு வெறுப்பால். பிறன் செய்த கொடுமை அவனுடைய வினையே தவிர, அதற்கு ஆளானவளின் வினையன்று. எனவே நீர் வெறும் நீரே. மகளை வாழவைத்தது தாயின் சொல்.

ஜெயகாந்தனே இதை மறுதலையாகவும் எழுதிக் காட்டினார். 1970இல் நூலாக வெளிவந்து, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற சில நேரங்களில் சில மனிதர்கள் என்னும் நாவல், அந்தத் தாய் அவ்வாறு நடவாமல் ஊர் கேட்க ஓலமிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே கதையாக்குகின்றது. கங்கா என்னும் அந்த மகளை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகின்றான். அவள் படித்து, உயர்ந்த வேலையில் அமர்ந்து பொருள் ஈட்டிய பின்னரும் அந்த ஒரு மாலைப்பொழுது அவளை விட்டு நீங்கவில்லை. மகளும் அவளே, நேர்ந்த கொடுமையும் அதுவே. தாயின் வாயிலிருந்து முதலில் வெளிவந்தது ஓரிடத்தில் ஆறுதல், மற்றோரிடத்தில் ஓலம். அதனால் ஒரு வாழ்க்கை இரண்டு வாழ்க்கையாகப் பிரிந்தது.

கசியாத உள்ளம்

இந்த வேறுபாட்டை விளக்க நம் ஆகமத்தில் அழகிய சொல்லொன்று இருக்கின்றது. சிவாரியர் அருளிய பகவதி ஆராதனை, பிறர் தம் குற்றங்களை எடுத்துரைக்கக் கேட்டு வழிகாட்டும் ஆசாரியர்க்கு வேண்டிய குணங்களை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று அபரிசிராவி என்பது. கசியவிடாதவர் என்பது அதன் பொருள். இரும்பு பருகிய நீர் வெளியே வாராதது போல, கேட்ட செய்தி அவரிடமிருந்து வெளிப்படக் கூடாது. இதே உவமை நம் புறநானூற்றிலும் உண்டு. கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு உண்ட நீரை யாரால் மீட்க முடியும்?

குற்றத்தைக் கேட்பவர்க்கே இந்த இலக்கணம் என்றால், குற்றமே இல்லாத மகளின் துயரைக் கேட்கும் தாய்க்கு அது எவ்வளவு வேண்டும்! சொன்னால் அண்ணிக்குப் போகும், அத்தைக்குப் போகும், அடுத்த திருமண வீட்டுப் பந்தியில் பேச்சாகும் என்ற அச்சம் இருந்தால் எந்த மகள் வாய் திறப்பாள்? நம் சமுதாயம் எண்ணிக்கையில் சிறியது. வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, திண்டிவனம் என எங்கே சென்றாலும் ஒருவர்க்கொருவர் உறவு. அது நம் பலம். ஒரு சொல் ஒரே மாலையில் இருபது ஊர்களைச் சுற்றி வந்துவிடும் என்பதால் அதுவே நம் மகளிர்க்குப் பெரும் அச்சமாகவும் ஆகிவிடுகின்றது.

மற்றொரு சொல்லையும் நோக்குங்கள். இன்றைய தமிழில் ஆலோசனை என்றால் நாம் பிறர்க்குச் சொல்வது. ஆகமத்தில் ஆலோசனை என்றால் ஒருவர் தம் உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் குருவிடம் சொல்வது. நம் வீடுகளில் முதல்வகை ஆலோசனை நிறையக் கிடைக்கின்றது. இரண்டாம் வகைக்குத்தான் இடமில்லை. தொலைபேசியில் மகள் பேசத் தொடங்கியதுமே, பொறுத்துப் போ, அனுசரித்துப் போ, நாங்களெல்லாம் படாததா என்று தொடங்கிவிடுகின்றோம். பொறுமை உத்தமமான தருமந்தான். பத்துத் தருமங்களுள் முதலாவதே உத்தம க்ஷமை. ஆனால் அது தானே விரும்பி மேற்கொள்ள வேண்டிய தருமம். அடிபடும் ஒருத்தியின் வாயை அடைக்கப் பிறர் எடுத்தாளும் கருவியாக அதனை ஆக்கலாமா?

கசியாமை என்பது தீமை செய்தவனை மறைத்துக் காப்பதும் ஆகாது. மகள் பதினெட்டு வயது நிரம்பாதவளாயின், அவளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கடமை. அவளுடைய அடையாளத்தை வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கின்றது. கணவன் வீட்டுக் கொடுமைக்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உள்ளது. மகளிர்க்கு 181, சிறார்க்கு 1098 என உதவி எண்கள் உள்ளன. ஊர்வாய்க்கு மூடியும், உரிய இடத்தில் திறந்தும் இருப்பதே உண்மையான அபரிசிராவம். கண்ணகி தன் சிலம்பை வீதியில் உடைக்கவில்லை. வழக்குரைக்க வேண்டிய அவையில்தான் உடைத்தாள்.

சொல்லால் நேரும் கொலை

அம்பை என்னும் எழுத்தாளரின் அம்மா ஒரு கொலை செய்தாள் என்ற சிறுகதை, 1976இல் வெளிவந்த சிறகுகள் முறியும் தொகுப்பில் உள்ளது. அதில் குருதி சிந்தவில்லை, ஆயுதம் இல்லை. தாய் ஊரில் இல்லாத நாளில் சிறுமி பூப்படைகின்றாள். என்ன நேர்ந்ததென்று விளங்காமல் அஞ்சி, அம்மா வந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருக்கின்றாள். தங்கை மகளின் திருமணப் பேச்சு, பெண் கறுப்பு என்பதால் முறிந்துபோன சலிப்போடு திரும்பி வரும் தாய், இந்தச் செய்தியைக் கேட்டதும் இவளும் ஒரு பாரமாகிவிட்டாள் என்ற பொருள்படக் கடிந்துரைக்கின்றாள். அந்த ஒரு பேச்சில், சிறுமி நெஞ்சில் ஒளியாக வைத்திருந்த தாயின் உருவம் மடிந்துபோகின்றது. அதைத்தான் கதாசிரியர் கொலை என்கின்றார்.

இதனை மிகைப்படுத்திய பேச்சு என்று பிறர் கருதலாம். சமணர் கருத முடியாது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையும் வேட்கையும் கலந்த மன, மொழி, மெய்களின் செயலால் உயிர்ப்பு நீங்குவதையே இம்சை என்கின்றது. இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை எனப் பிரித்துணர்ந்தவர்கள் நாம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கை உண்ணாமல், நீரை வடிகட்டிப் பருகி, விளக்கில் விட்டில் விழாமல் காக்கும் நாம், வயது வந்த மகளின் காதில் விழும் சொல்லை வடிகட்டுகின்றோமா? அந்தத் தாயும் தீயவள் அல்லள். பெண்ணின் நிறத்தை எடைபோட்ட திருமணச் சந்தையின் கொடுமையைச் சுமந்து வந்தவள். அதை இறக்கிவைக்க இடம் தெரியாமல் மகள் தலையில் இறக்கினாள். நம் கவனக்குறைவு பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கின்றது.

நம் இல்லங்களில்

நம் பெண்கள் இன்று பொறியியலும் மருத்துவமும் கற்கின்றனர். சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் பணியாற்றுகின்றனர். தனி அறையில் தங்கி, இரவுண்ணாமையைக் காக்க அலுவலக நேரத்தோடு போராடுகின்றனர். சிலர் திருமணம் வேண்டாம் என்கின்றனர்; சிலர் சமுதாயத்துக்கு வெளியே மணம் முடிக்க விரும்புகின்றனர்; சிலர் அமைந்த மணவாழ்வில் அழுகின்றனர். இவை அனைத்திற்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது. சிறிய சமுதாயம் கரைந்துவிடுமோ என்ற பெரியோரின் கவலையும் நியாயமானதே. ஆனால், எந்த விடைக்கும் முன்பு உண்மை வீட்டுக்குள் வர வேண்டும். அது வருவதற்குரிய வாயில் தாயே.

ஆகவே தாய்மார்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். மகள் பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை கேளுங்கள். சாமாயிகத்தில் இரண்டு நாழிகை அமரும் நமக்கு இது கடினமன்று. கேட்டதை அவள் இசைவின்றி எவரிடமும் சொல்லாதீர்கள். பின்பு, அவளோடு சேர்ந்து முடிவு செய்து, தந்தையிடமோ பெரியோரிடமோ சட்டத்திடமோ கொண்டுசெல்ல வேண்டியதைக் கவுந்தியடிகளைப் போல் உடன் நடந்து கொண்டுசெல்லுங்கள்.

தந்தையரே, தமையன்மாரே, அறத்தொடு நிற்றல் உங்களிடம் வந்துதான் முடிகின்றது. உங்கள் சினத்துக்கு அஞ்சியே பல தாயர் வாய் மூடியிருக்கின்றனர் என்பதை மறவாதீர்கள். மகள்களே, உங்கள் தாய்க்கும் சொல்ல முடியாத துயரங்கள் இருந்திருக்கும். அவளிடம் அவற்றைக் கேட்டவர் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். துணையென்றும் தோழியென்றும் கண்ணகியின் தாய் மகளை அழைத்ததில், தாய்க்கும் ஒரு தோழி வேண்டியிருந்தது என்ற பொருளும் அடங்கியிருக்கின்றது.

அந்தத் தாய்க்கு ஒரு பிறவி காலம் தாழ்ந்தது. மனிதப் பிறவி கிடைத்தற்கரியது என்றும், பெற்ற பிறவியைக் கவனமின்றிக் கழிக்கலாகாது என்றும் பகவான் அருளினார். விழா முடிந்து நம் மகள்கள் ஊர் திரும்ப இன்னும் ஓரிரு நாள்கள் இருக்கின்றன. பலகாரங்களைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்பு, அவளைப் பக்கத்தில் அமர்த்தி, எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொன்னால் உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.

அனைத்துயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக! வணக்கம்.